நுகம் சுமந்தவர்களை மறக்கலாமா?



நெல்லியடிச் சந்தியிலிருந்து சற்றுத் தூரத்தில், வெங்காயத் தோட்டத்தை அடுத்து, ஒரு முதிய விவசாயியின் வீடு இருக்கின்றது. அந்த வீட்டு விறாந்தைச் சுவரில் மூன்று படங்கள் தொங்குகின்றன. ஒருபுறம் திரு இருதய ஆண்டவர். மறுபுறம் லூர்து மாதா. இரண்டுக்கும் நடுவே, சட்டம் போட்ட பெரிய படமொன்றில், மாடுகள்!

முதல் தடவை அதைக் கண்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது என்பதை மறைக்க மாட்டேன். திரு இருதயத்துக்குப் பக்கத்தில் உழவு மாடுகளுக்கு என்ன வேலை என்று எண்ணிக்கொண்டேன். அந்தப் படம் எனக்கு ஒரு பாடம் புகட்டும் என்றோ, நான் கொடுத்த ஒரு பதிலை நானே திருத்திக்கொள்ள வேண்டி வரும் என்றோ அன்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பாடத்தை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

வீட்டுக்காரருக்கு எண்பதை எட்டும் வயது. மனைவியை இழந்தவர். பிள்ளைகள் மூவரும் வெளிநாட்டில். ஊரெல்லாம் லாண்ட்மாஸ்ரர் வந்த பின்பும் நெடுங்காலம் எருதுகளை விட்டுக் கலப்பையைக் கைவிடாதவர். இப்போது அவருடைய கொட்டிலில் எஞ்சியிருப்பது ஒரேயொரு கிழட்டு எருது. அதன் சோடி முன்னரே செத்துப்போயிற்று.

“சுவாமி, உந்தப் படத்தைக் கொஞ்சம் பாருங்கோ. நடுவிலான் பெடியன் பாரிசிலையிருந்து அனுப்பினவன். நல்ல மாடுகள்தான். ஆனால் ஒண்டுக்கும் ஏரியைக் காணேல்லை” என்றார் அவர்.

உண்மைதான். ஐரோப்பிய மாடுகளுக்குத் திமில் இல்லை. அவர் மேலும் சொன்னார்: “ஏரி இல்லாதபடியால் நுகத்தைக் கழுத்திலை வைக்க வழியில்லை. அதுதான் தலையிலை, கொம்போடை சேர்த்துக் கட்டியிருக்கிறாங்கள். பாவம், ஈ மொய்ச்சாலும் தலையை ஆட்டேலாது.”

செமினறியிலே மெய்யியலும் இறையியலும் படித்த நான் அந்தப் படத்தில் கண்டது ‘மாடுகள்’ மட்டுமே. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட அவரோ, 175 ஆண்டுகளுக்கு முன்னர் வாழ்ந்த மாட்டின் கழுத்து நோவைக் கண்டார்.

அந்தப் படத்தைப் பற்றிச் சிறிது கூறுகின்றேன். அது ‘நிவெர்னே உழவு’ என்னும் பிரெஞ்சு ஓவியம். வரைந்தவர் ரோசா பொனேர் என்னும் பெண்மணி. 1822-இல் போர்தோ நகரில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோது எழுத்துப் படிக்க மறுத்தாராம். அவருடைய தாயார் அடிக்கவில்லை, ஏசவில்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு மிருகத்தைத் தெரிந்து வரையும்படி சொல்லி, அவ்வழியாகவே மகளுக்கு எழுத்தறிவித்தார். அந்தத் தாய் ரோசாவுக்குப் பதினொரு வயதாகும்போதே இறந்துபோனார். ஆனால் தாய் காட்டிய வழியை மகள் இறக்கும்வரை விடவில்லை. மாடு, குதிரை, ஆடு என்று மிருகங்களையே வாழ்நாள் முழுவதும் வரைந்தார். உடலமைப்பைக் கற்பதற்காக இறைச்சிக்கூடங்களுக்கும் சந்தைகளுக்கும் சென்றார். ஆண்களின் கூட்டத்தில் பாவாடையோடு நிற்பது இடைஞ்சலாக இருந்தமையால், காற்சட்டை அணியப் பொலிசாரிடம் எழுத்தில் அனுமதி பெற்றார். 1865-இல் பிரான்சின் உயர்ந்த விருதாகிய ‘லெஜியோன் தொனேர்’ அவருக்குக் கிடைத்தது. அதைப் பெற்ற முதற் பெண் ஓவியர் அவரே. 1899-இல் காலமானார்.

1848-இல் பிரெஞ்சு அரசு கேட்டுக்கொண்டதற்கிணங்க இந்த ஓவியத்தை அவர் தீட்டினார். 1849-இல் பாரிசில் நடந்த கலைக்காட்சியில் அது வைக்கப்பட்டபோது அவருக்கு வயது 27. மூலப்படம் ஏறக்குறைய எட்டரை அடி அகலமும் நாலரை அடி உயரமும் கொண்டது. இன்று பாரிசில், பழைய புகையிரத நிலையமொன்றை மாற்றி 1986-இல் திறக்கப்பட்ட ஓர்சே அரும்பொருளகத்தில் அது இருக்கின்றது.

‘நிவெர்னே’ என்பது நெவேர் நகரைச் சூழ்ந்த நாடு. நெவேர் என்னும் பெயரைக் கேட்டதும் உங்களிற் சிலருக்கு நினைவு வந்திருக்கும். லூர்து மாதாவைக் கண்ட புனித பெர்னதெத், 1866-இல் கன்னியர் மடத்தில் சேர்ந்ததும், 1879-இல் உயிர் நீத்ததும், இன்று அவருடைய திருவுடல் வைக்கப்பட்டிருப்பதும் அந்த நெவேரிலேதான். மாதாவைக் காண்பதற்குச் சற்று முன்புவரை அவரும் பார்த்ரெஸ் என்னும் கிராமத்தில் செம்மறியாடு மேய்த்த சிறுமியே. ஆகவே அந்த விறாந்தைச் சுவரில் மாடுகள் இருப்பதைப் பார்த்துச் சிரித்த எனக்கு, அவை லூர்து மாதாவுக்கு அயலவர்களே என்பது பிறகுதான் விளங்கியது!

வேறோர் உறவும் உண்டு. 1847-இல் முதன்முதலாக இலங்கைக்கு வந்த அமலமரித் தியாகிகள் சபை பிரான்சிலே பிறந்த சபை. யாழ்ப்பாண மேற்றிராணியாராய் விளங்கிய பொன்ஜீன் ஆண்டகை, ரோசா பொனேர் பிறந்ததற்கு அடுத்த ஆண்டில், பிரான்சின் ரியோம் நகரில் பிறந்தவர். நமக்கு மறைபோதித்த அந்தப் பழைய குருமார் பலர் இத்தகைய எருதுகளையும் வயல்களையும் கண்டு வளர்ந்தவர்களாகவே இருந்திருப்பர். அந்த வயல்களை விட்டு நம் பனைகளிடம் வந்தார்கள். இங்கேயே மண்ணாய்ப் போனவர்களும் உண்டு.

இனி அந்த விவசாயியிடம் திரும்புவோம்.

படத்தைப் பற்றிப் பேசிய பின்னர் அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, “சுவாமி, ஒரு கேள்வி. இந்தக் கிழட்டு மாட்டை இறைச்சிக்கு விக்கச் சொல்லிப் பிள்ளையள் நிக்கினம். ஒருத்தன் வந்து விலையும் கேட்டிட்டுப் போறான். வித்தால் பாவமோ?” என்றார்.

மாலைப் பூசைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே படித்த பதிலைச் சொன்னேன். “மிருகங்களை இறைவன் மனிதனின் பயனுக்காகப் படைத்தார், அப்பு. மனித ஆன்மா போன்ற அழியாத ஆன்மா அவைகளுக்கு இல்லை. இறைச்சிக்கு விற்பது பாவமல்ல.”

“ஓம் சுவாமி” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

அந்த ‘ஓம் சுவாமி’ என்னை விடவில்லை. நான் சொன்னது பிழையா? பிழையல்ல. பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1992-இல் வெளியிட்ட திருச்சபையின் மறைக்கல்வி நூலும் மிருகங்களை உணவுக்குப் பயன்படுத்தலாம் என்றே கூறுகின்றது. ஆயினும் அதே நூல், மிருகங்களுக்கு இரக்கங்காட்டுவது மனிதனின் கடமையென்றும், தேவையின்றி அவற்றை வதைப்பதும் கொல்வதும் மனித மாண்புக்கே முரணானது என்றும் சேர்த்துக் கூறுகின்றது. நான் முதற் பாதியைச் சொன்னேன். மறு பாதியைச் சொல்ல நேரமில்லாமற் போயிற்று!

அடுத்த ஞாயிறு நற்செய்தி, நம் ஆண்டவர் தம்முடைய நுகத்தை ஏற்றுக்கொள்ளும்படி களைத்தோரை அழைக்கின்ற பகுதி. பிரசங்கம் ஆயத்தம் செய்ய உட்கார்ந்தேன். நுகத்தைப் பற்றி நான் என்ன கண்டேன்? ஒன்றுமில்லை. ஆகவே மறுநாள் சென்று அந்தப் படத்தை இரண்டு நாள் இரவலாகக் கேட்டு வாங்கி வந்து, மேசையில் நிறுத்திவைத்து, அரை மணி நேரம் பார்த்தேன்.

வாசகர்களே, ஒரு படத்தைப் பார்ப்பதற்குப் படிப்பு வேண்டியதில்லை, பொறுமையே வேண்டும். முதலில் எண்ணுங்கள். நான் எண்ணினேன். பன்னிரண்டு எருதுகள், ஆறு ஆறாக இரண்டு கலப்பைகளை இழுக்கின்றன. நமது மண்ணுக்கு இரண்டு மாடு போதும். அங்கே ஒரு கலப்பைக்கு ஆறு மாடு என்றால் அந்த மண்ணின் பாரம் எத்தகையதாக இருக்கும்! இரண்டாவதாக, என்ன காலம் என்று கேளுங்கள். மாரிக்கு முன்னர் நிலத்தைத் திறந்துவிடுகின்ற முதல் உழவு அது. நம் கமக்காரன் ஐப்பசி மழைக்கு முன்னர் நிலத்தைப் புரட்டுவது போலவே. மூன்றாவதாக, யார் பெரியவர், யார் சிறியவர் என்று பாருங்கள். இங்கேதான் நான் திகைத்தேன். படத்தில் மனிதர் இருக்கின்றனர். ஆனால் எருதுகளின் பின்னே பாதி மறைந்து, சிறியவராய் நிற்கின்றனர். முகங்கூடத் தெளிவில்லை. வெயில் முழுவதும் எருதுகளின் வெள்ளை முதுகிலும், புரண்டு கிடக்கின்ற மண்கட்டிகளிலும் விழுகின்றது.

மனிதனை அவமதிக்கவா ஓவியர் இப்படி வரைந்தார்? இல்லை. நாள்தோறும் பெரியவராய் நடப்பவர் நாம். ஒரு நாளாவது, நமக்காக உழைத்தவர் பெரிதாய்த் தெரியட்டும் என்று இடத்தை மாற்றி வைத்தார். கடன்பட்டவன் சிறியவனாய் நிற்பதே முறை.

கடைசியாக, யார் உங்களைப் பார்க்கிறார் என்று தேடுங்கள். எருதுகள் எல்லாம் முன்னே பார்த்து நடக்கின்றன. ஆனால் ஒன்று மட்டும், நடந்துகொண்டே, கண்ணைத் திருப்பி நம்மைப் பார்க்கின்றது. கோபமில்லை, முறைப்பாடில்லை. வெறும் பார்வை. அந்தக் கண்ணுக்கு முன்னால் என் கைக்கடிகாரம் எனக்கு நினைவு வந்தது.

வேதாகமத்தைத் திறந்தேன். எத்தனை இடங்களில் மாடு வருகின்றது என்று அன்றைக்குத்தான் கவனித்தேன். ஓய்வு நாளிலே அடிமைக்கும் அந்நியனுக்கும் மட்டுமல்ல, எருதுக்கும் கழுதைக்கும் ஓய்வு கொடுக்கச் சொல்கின்றது யாத்திராகமம். போரடிக்கின்ற மாட்டின் வாயைக் கட்டாதே என்று விதிக்கின்றது உபாகமம். எருதையும் கழுதையையும் ஒரே ஏரிற் பூட்டுவதையும் தடுக்கின்றது. வலிமை ஒவ்வாத இரண்டைப் பூட்டினால் மெலிந்தது வதைபடும் அல்லவா? நினிவே நகரை ஏன் அழிக்கவில்லை என்று முறையிட்ட யோனாவுக்கு இறைவன் கொடுத்த பதிலிலே, அந்த நகரின் திரளான மக்களோடு அங்கிருந்த மிருகங்களையும் சேர்த்தே எண்ணுகின்றார்.

அதற்காக மாட்டை உண்பது குற்றமென்று நான் சொல்ல வரவில்லை. எலியா அழைத்தபோது, பன்னிரண்டு ஏர் பூட்டி உழுதுகொண்டிருந்த எலிசேயு தம் எருதுகளை அறுத்து ஊராருக்கு விருந்திட்டே புறப்பட்டார். அதுவும் வேதாகமத்தில்தான் இருக்கின்றது. ஆனால் அந்த எருதுகளின் விலை எலிசேயுவுக்குத் தெரிந்திருந்தது.

இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த வேதசாட்சி புனித யுஸ்தீன், நம் ஆண்டவர் தச்சராயிருந்தபோது கலப்பைகளும் நுகங்களும் செய்தார் என்று எழுதியிருக்கின்றார். அப்படியானால், நுகத்தைப் பற்றி ஆண்டவர் பேசியபோது அது வெறும் உவமையாக இருந்திருக்க முடியாது. எருதின் கழுத்தைத் தடவி, அளந்து, மரத்தை இழைத்து, உறுத்துகின்ற இடத்தை மழுக்கிய கைகளின் பேச்சு அது. கழுத்து நோவை அறிந்தவரே நம்மை அழைக்கின்றார்.

படத்தைத் திருப்பிக் கொடுக்கச் சென்றேன். “அப்பு, அன்றைக்கு நீங்கள் கேட்டதற்கு நான் சட்டத்தைச் சொல்லிவிட்டுப் போய்விட்டேன். நீங்கள் கேட்டது கடனைப் பற்றி என்று நினைக்கிறேன்” என்றேன்.

அவர் கொட்டிலுக்குள் கூட்டிச் சென்றார். எருது படுத்திருந்தது. கழுத்தில் நுகம் தேய்ந்த காய்ப்பு. அதைத் தடவிக்கொண்டே சொன்னார்:

“இது உழுது விளைஞ்ச வெங்காயத்திலைதான் நடுவிலான்ரை பயணக் கடனைக் கட்டி முடிச்சனான். இதுக்கு முந்தி வேறை ஒரு சோடி நிண்டது. எண்பத்தேழிலை, வைகாசிச் சண்டையிலை, எல்லாரும் ஓடேக்கை கயித்தை அறுத்து விட்டிட்டுத்தான் ஓடினனாங்கள். திரும்பி வரேக்கை வீடு எரிஞ்சு கிடந்தது. கொட்டிலும் இல்லை. ஆனால் ஒரு மாடு மட்டும் வந்து பழைய கட்டையடியிலை நிண்டது, சுவாமி. கயிறும் இல்லை, வைக்கலும் இல்லை. அது பாட்டிலை நிண்டது.”

எருது தன் எசமானை அறியும் என்று இசையாஸ் இறைவாக்கினர் சொன்னது எனக்கு நினைவு வந்தது. அந்த வாக்கியத்தை எத்தனை தடவை வாசித்திருக்கின்றேன்! 1987-இல் வடமராட்சி பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு அதன் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை.

பிறகு அவர் தலை குனிந்தபடி சொன்னார்: “மாடு கிடக்கட்டும், சுவாமி. மாட்டை வித்தாப் பிறகு வளவையும் வித்துப்போட்டு, என்னைக் கொழும்பிலை ஒரு முதியோர் விடுதியிலை விடுறதெண்டு பிள்ளையள் கதைக்கினம். அதுதான் கேட்டனான்.”

வாசகர்களே, அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் மாட்டைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. உழைத்து முடிந்தவனுக்கு என்ன நீதி என்று கேட்டார். நானோ, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, ‘பயன் முடிந்தால் விற்கலாம்’ என்ற கருத்தில் பதில் சொல்லிவிட்டு வந்திருக்கின்றேன்!

அவருடைய சம்மதத்தோடு, பாரிசிலுள்ள மகனுடன் தொலைபேசியில் பேசினேன். அவன் கெட்ட பிள்ளையல்லன். உணவகமொன்றின் சமையலறையில் காலையும் இரவும் வேலை. அவன் கழுத்திலும் ஒரு நுகம் இருக்கின்றது. “அப்பா தனிய விழுந்து கிடந்தால் ஆர் சுவாமி பார்க்கிறது? அந்தப் பயத்திலைதான் சொன்னனான்” என்றான். அந்தப் படத்தை ஏன் வாங்கினாய் என்று கேட்டேன். மாதத்தின் முதல் ஞாயிறு அந்த அரும்பொருளகத்தில் கட்டணமில்லையாம். ஒரு நண்பனோடு போனபோது தற்செயலாக அந்த ஓவியத்துக்கு முன்னால் நின்றானாம். “கனநேரம் நிண்டனான் சுவாமி. எங்கடை கொட்டில் மணத்தது” என்றான். அதற்குமேல் அவனாலும் பேச முடியவில்லை, என்னாலும் முடியவில்லை.

முடிவு என்னவென்று கேட்பீர்கள். முடிவு இன்னும் வரவில்லை. மகன் விடுமுறைக்கு வருவதாகச் சொல்லியிருக்கின்றான். அதுவரைக்கும் வளவைப் பற்றிய பேச்சு இல்லை. பங்கு இளைஞர்கள் இருவர் முறைவைத்து மாலையில் சென்று பார்க்கின்றனர். எருது இன்னும் கொட்டிலில் இருக்கின்றது. முதியோர் விடுதிகள் எல்லாம் தீயவை என்று நான் சொல்லவில்லை. துறவியரும் நல்லோரும் அன்போடு நடத்துகின்ற இல்லங்கள் உண்டு. வேறு வழியின்றி அங்கே செல்வோரும் உண்டு. எங்கே இருக்கிறார்கள் என்பதல்ல முதற் கேள்வி. அவர்களிடம் யாராவது கேட்டார்களா என்பதே.

இவ்விடத்தில் நம் சைவ அயலவரிடம் நாம் கற்க வேண்டியதொன்று உண்டு. தைப்பொங்கலுக்கு மறுநாள் பட்டிப்பொங்கல். மாட்டைக் குளிப்பாட்டி, மாலையிட்டு, அதற்கென்றே பொங்கிப் படைக்கின்றார்கள். நம் திருச்சபையிலும் இத்தகைய வழக்கம் இல்லாமலில்லை. தை மாதத்திலேயே, ஜனவரி 17-ஆம் நாள், வனத்துச் சின்னப்பருடைய நண்பரான தபோதனர் புனித அந்தோனியாரின் திருநாளிலே, ரோமாபுரியில் மிருகங்களைக் கொண்டுவந்து ஆசீர்வாதம் பெறுவது பழைய வழக்கம். 1223-இல் புனித பிரான்சிஸ் அசிசியார் கிரேச்சோ என்னுமிடத்தில் நத்தார்க் காட்சியை அமைத்தபோது உயிருள்ள எருதையும் கழுதையையுமே கொண்டுவந்து நிறுத்தினார். நம் வீட்டுப் பாலன் குடிலில் மண்ணாற் செய்த மாட்டை வைக்கின்றோம்; கொட்டிலில் நிற்கின்ற உயிருள்ள மாட்டை மறந்துவிடலாமா? காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ், 2015-இல் எழுதிய ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடலில், படைப்பின் மீதான அக்கறையும் ஏழைகள் மீதான அக்கறையும் பிரிக்க முடியாதவை என்று வற்புறுத்தினார். பயன் முடிந்ததை எறிந்துவிடுகின்ற மனம் பொருளோடு நிற்பதில்லை, மாட்டுக்கு வரும், மாட்டிலிருந்து மனிதனுக்கு வரும்.

ஆகவே அன்புக்குரிய குடும்பங்களே, இந்த வாரம் மூன்று காரியங்களைச் செய்ய உங்களை வேண்டுகின்றேன். முதலாவது, உங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகின்ற ஒரு படத்தின் முன்னே, பிள்ளைகளையும் இருத்திக்கொண்டு, கால் மணி நேரம் பேசாமல் உட்காருங்கள். திரு இருதயப் படமாயினும் சரி, இறந்துபோன பாட்டனாரின் படமாயினும் சரி. பிறகு ஒவ்வொருவரும் தாம் கண்டதைச் சொல்லட்டும். இரண்டாவது, உங்கள் கொட்டிலில் மாடோ ஆடோ நின்றால், ஞாயிறு பூசைக்குப் புறப்படுமுன்னர் அதற்குத் தண்ணீர் வையுங்கள். மூன்றாவது, உங்களுக்காக உழைத்து இப்போது உழைக்க முடியாதிருக்கின்ற ஒருவரிடம் செல்லுங்கள். தூரத்தில் இருப்பவர்கள் தொலைபேசியில் அழையுங்கள். காசு கிடைத்ததா என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். என்ன விருப்பம் என்று கேளுங்கள். பதில் வரும்வரை கடிகாரத்தைப் பாராதிருங்கள்.

அந்தப் படம் மீண்டும் விறாந்தைச் சுவரில் தொங்குகின்றது. திரு இருதயத்துக்கும் லூர்து மாதாவுக்கும் நடுவே பன்னிரண்டு எருதுகள் உழுதுகொண்டிருக்கின்றன. அவற்றுள் ஒன்று இன்றும் கண்ணைத் திருப்பி, உள்ளே வருகின்றவரைப் பார்க்கின்றது. இப்போதெல்லாம் அந்த வீட்டுக்குப் போனால், நான் முதலில் அதற்குத்தான் தலை வணங்குகின்றேன். பிறகுதான் அப்புவிடம், “எப்பிடி இருக்கிறியள்?” என்று கேட்கின்றேன். அவர் சொல்லி முடிக்கும்வரை இருக்கின்றேன்.

நுகங்களைத் தம் கையால் இழைத்த ஆண்டவர், நுகம் சுமந்து களைத்த அனைவருக்கும் இளைப்பாறுதல் அளிப்பாராக.